மாமாவின் முழங்கால் மருந்து

"மாமி, இந்தப் போத்தலில இருக்கிறது என்ன எண்ணெய்?"

இடுப்பில் துவாயும் தலை முழுக்க எண்ணெயுமாகக் குசினி வாசலில் நின்று பிரஷாந்தன் கேட்டான். பூசுவதற்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் சனிக்கிழமை எண்ணெய் வைத்துத் தோய்கிற மனிதன் அப்படியெல்லாம் யோசிப்பதில்லை.

மாமி இராஜேஸ்வரி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினார். "எந்தப் போத்தல்?"

"ஜன்னல் கரையில இருந்தது. பச்சையாய். குளிருக்கு நெய் மாதிரி இறுகிக் கிடந்தது. மைக்ரோவேவில வைச்சு உருக்கிப் பூசினனான்."

"இடது பக்கத்துப் போத்தலோ, வலது பக்கத்துப் போத்தலோ?"

பிரஷாந்தன் ஜன்னலைப் பார்த்தான், தன் கைகளைப் பார்த்தான். "இடது."

"ஐயோ, பிள்ளையாரே!"

மல்கிரேவில் இருந்த அந்த வீட்டில் எந்த ஏனத்துக்குள்ளும் அதன் வெளியில் எழுதியிருந்த பொருள் இருந்ததில்லை. ஐஸ்கிறீம் பெட்டிக்குள் மீன் குழம்பு இருக்கும். பிஸ்கற் ரின்னுக்குள் ஊசியும் நூலும். இராஜேஸ்வரி ஒரு டப்பாவையும் எறிந்ததில்லை, ஒன்றிலும் பேர் எழுதி ஒட்டியதுமில்லை. எல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மாதம் இரண்டு ஜாம் போத்தல்களில் இரண்டு சாமான் செய்து வைத்திருந்தார், இரண்டுமே தேங்காயெண்ணெயில். வலது பக்கம் இருந்தது பிரஷாந்தனின் மனைவியான தன் மகள் மிருணாளினியின் முடி கொட்டாமலிருக்கக் கறிவேப்பிலை எண்ணெய். இடது பக்கம் இருந்தது மாமா சச்சிதானந்தனின் முழங்காலுக்குப் பூசும் கிறீம்.

"முழங்கால் மருந்துதானே மாமி? அதுக்கு ஏன் பிள்ளையாரைக் கூப்பிடுறியள்?"

"அது கெவின் தந்த இலையில செய்தது, தம்பி."

கெவின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பிளம்பர். ஐந்து வருடமாக இராஜேஸ்வரியின் வடையைத் தின்று, தமிழர் வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பதைப் படித்திருந்தார். போன மாதம் திருப்பிக் கொடுக்க வேறொன்றும் அகப்படாததால், தன் தக்காளிச் செடிகளுக்குப் பின்னால் வளர்த்ததில் ஒரு கைப்பிடி காய்ந்த இலையைத் தட்டில் வைத்து, "முழங்காலுக்கு அருமையான சாமான்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். தட்டில் வந்ததை வீணாக்குகிறவர் அல்ல இராஜேஸ்வரி.

"என்ன இலை மாமி?"

மாமி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "கஞ்சா எண்டு சொல்லுறவை."

பிரஷாந்தன் கதிரையில் போய் இருந்தான். எண்ணெய் சொட்டியது.

ஆறு வருடமாக அவன் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. அவன் வீட்டுக்கு வரும்போது மிருணாளினி வேலைக்கு வெளிக்கிடுவாள். இரண்டு பேரும் ஒழுங்காகச் சந்திக்கும் இடம் வீட்டு வாசல்படிதான். மூன்றாவது முயற்சியில்தான் ஒரு ரயில் கம்பனி அவனைச் சாரதிப் பயிற்சிக்கு எடுத்திருந்தது. பகல் வேலை. இன்னும் மருத்துவச் சோதனை ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அதற்கான கடிதத்தின் நாலாவது வரி அவனுக்குப் பாடம்: போதைப்பொருள் சோதனைக்காக முடியில் மாதிரி எடுக்கப்படும்.

"முடியில பாக்கப்போகினம் மாமி! முடியில!"

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சச்சிதானந்தன் தலையை நிமிர்த்தினார். மூன்று கிழமைக்கு முன்பு அவரைக் கதிரையிலிருந்து எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். மருந்து பூசத் தொடங்கிய பிறகு தபால் பெட்டிவரை தனியாகப் போய் வருகிறார்.

"தம்பி, நான் ஒண்டு சொல்லட்டே..."

"நீங்கள் சும்மா இருங்கோ! இவ்வளவும் உங்கட காலாலதான்!" என்றார் இராஜேஸ்வரி.

மாமா சும்மா இருந்தார். முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் நன்றாகப் பழகிய வேலை அது.

"அந்தப் போத்தலை இப்பவே எறியுங்கோ மாமி."

இராஜேஸ்வரி மனமில்லாமல் அதை வழித்துக் குப்பைப் பைக்குள் போட்டார். போத்தலை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்தார். தன் மருந்து குப்பைக்குப் போவதை மாமா ஆச்சரியப்படும்படியான நிதானத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரஷாந்தன் தலையை ஏழு தரம் கழுவினான். ஷம்பூ இரண்டு தரம், சீயக்காய் இரண்டு தரம், தேசிக்காய் ஒரு தரம், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தரம். ஏழாவது எதுவென்று பிறகு அவனுக்கே நினைவில்லை, ஆனால் எரிந்தது.

மிருணாளினி வேலையால் வந்து கதையைக் கேட்டாள். நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். சிரித்து முடித்துப் போனை எடுத்துத் தேடிப் பார்த்தாள்.

"முடியில மூண்டு மாசம் நிக்குமாம்."

"கழுவினாலுமோ?"

"கழுவினாலும்தானாம். பிரஷா, பேசாமல் உண்மையைச் சொல்லுங்கோவன்."

"என்னெண்டு சொல்லுறது? என்ர மாமி எனக்குக் கஞ்சா வைச்சுத் தோய வாத்தவ எண்டோ?"

"என்ர பேரை எடுக்கவேண்டாம்," என்றார் மாமி குசினிக்குள்ளிருந்து. "எனக்கு அடுத்த மாசம் சிற்றிசன்ஷிப் சோதினை."

அப்போதுதான் பிரஷாந்தனுக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது அது மிகவும் கெட்டித்தனமான யோசனையாகத்தான் இருந்தது. "முடியே இல்லையெண்டால், எதைப் பிடிச்சு வெட்டுவினம்?"

பாத்றூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வழிக்கத் தொடங்கினான். பாதித் தலை வழித்திருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"தம்பி," மாமாவின் குரல், இரகசியமாக. "அந்தப் பாத்றூமுக்குள்ள..."

"ஒரு பத்து நிமிசம் பொறுங்கோ மாமா! அவசரமெண்டால் கெவின் வீட்டை போங்கோ!"

கதவுக்கு வெளியே ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் மெல்ல விலகியது.

மொட்டை நன்றாகத்தான் வந்தது. தலையில் குளிர் ஏறியதால் ஒரு வெள்ளைச் சால்வையைச் சுற்றிக்கொண்டு, வெள்ளைச் சாரத்தோடு, குப்பைப் பையை வாசலில் வைக்கப் போனான். பையைக் குனிந்து வைக்கும்போது சால்வை வழுகியது. அந்த நேரம் பார்த்து யோகா அன்ரி நாலு வீடு தள்ளியிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்.

அன்ரியின் கையிலிருந்த கீரைக் கட்டு விழுந்தது.

"ஐயோ தம்பி! அப்பாவோ, அம்மாவோ?"

பிரஷாந்தனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது சால்வையை இழுத்துத் தலையை மூடினான். பெற்றோரில் ஒருவர் போனாலொழிய ஒரு யாழ்ப்பாணத்து ஆண் திடீரென்று மொட்டையோடும் வெள்ளை உடுப்போடும் வாசலில் நிற்கமாட்டான்.

"இல்லை அன்ரி! ரெண்டு பேரும் கொடிகாமத்தில சுகமாய் இருக்கினம்!"

யோகா அன்ரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிரம்பிவிட்டது. "பாவம் பிள்ளை. இன்னும் மனம் ஏற்கேல்லை என்ன?"

உள்ளே ஓடிவந்தவன் மிருணாளினியைப் பிடித்தான். "அன்ரிக்குப் போன் அடிச்சு நேர்த்தி எண்டு சொல்லும். வேலை கிடைக்கிறதுக்கு மொட்டை போட்டதெண்டு சொல்லும்."

மிருணாளினி சொன்னாள். யோகா அன்ரி பொறுமையாகக் கேட்டார். "எந்தக் கோயில் பிள்ளை?"

"வீட்டிலதான் அன்ரி."

"சனிக்கிழமை பின்னேரம், வீட்டுப் பாத்றூமிலயோ?" அன்ரி மூக்கை உறிஞ்சினார். "எனக்கு ஒளிக்காதை பிள்ளை. நான் எல்லாருக்கும் அறிவிக்கிறன்."

ஒரு மணித்தியாலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த வட்ஸ்அப் குழுவில் பிரஷாந்தனின் அப்பாவுடைய படம் வந்தது, கல்யாண அல்பத்திலிருந்து வெட்டி எடுத்தது. அப்பா வாய் நிறையச் சிரித்தபடி சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார். கீழே ஒரு குத்துவிளக்கு எரிந்தது. பிரஷாந்தன் அதன் கீழ் "அப்பா உயிரோடு இருக்கிறார்" என்று எழுதினான். அறுபது பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். ஒருவர், "ஓம் தம்பி, எங்கள் நெஞ்சில்" என்று எழுதினார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இடியப்பம் வந்தது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லையே. சொதி வந்தது, பிளாஸ்க்கில் தேத்தண்ணி வந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து மடக்குக் கதிரை நாற்பது வந்தது. ஆட்கள் பிறகு வந்தார்கள். கெவின் கறுப்பு ரை கட்டிக்கொண்டு, மூடிய தட்டு ஒன்றோடு வந்தார். இராஜேஸ்வரி பாய்ந்து போய்த் தட்டை வாங்கி, ஒரு மூலைக்குக் கொண்டுபோய், மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். பிஸ்கற்.

"வீடியோவில அப்பாவைக் காட்டிறதுதான் வழி," என்றாள் மிருணாளினி.

பிரஷாந்தன் அழைப்பை எடுத்து முன்னறைத் தொலைக்காட்சியில் போட்டான். கொடிகாமத்திலிருந்து அப்பா பெரிதாகத் தெரிந்தார். நாற்பது பேர் ஒரேயடியாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். அப்பா முதலில் மகனுடைய மொட்டையைப் பார்த்தார், பிறகு கதிரைகளைப் பார்த்தார்.

"என்னடா சனம்? ஆர் மோசம் போனது?"

"நீங்கள்தான் அப்பா."

அப்பா சிறிது நேரம் யோசித்தார். "எப்ப?"

"நேற்றுப் பின்னேரம்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டுவிட்டு, அப்பா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். "அது கிடக்கட்டும். ஆரார் வந்தவை? கனடாவில இருந்து பெரியண்ணற்ற ஆக்கள் ஒருத்தரும் எடுக்கேல்லையோ? எனக்கு அப்பவே தெரியும். போனை அங்கால திருப்பு பாப்பம், நான் பேரைக் குறிச்சுக்கொள்ளுறன்."

அதற்குப் பிறகு ஒருவராலும் எழும்பிப் போக முடியவில்லை. அப்பா ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நன்றி சொன்னார். யோகா அன்ரி அழுகையை நிறுத்தவில்லை, இப்போது சந்தோஷத்தில். இவ்வளவுக்கு நடுவில் மாமா இரண்டு தரம் பிரஷாந்தனின் கையைச் சுரண்டினார். இரண்டு தரமும் இராஜேஸ்வரி, "ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுங்கோ," என்று அவரை அனுப்பிவிட்டார்.

திங்கள் காலை பிரஷாந்தன் வேளைக்கே எழும்பிக் குளித்தான். இந்த நாட்டில் ஜூலை குளிர்காலம்; அந்தக் குளிரில் காலெல்லாம் வெடித்திருந்தது. வழக்கம்போலப் பாத்றூம் தட்டிலிருந்த வெள்ளை டப்பாவைத் திறந்து முழங்காலிலிருந்து பாதம்வரை கிறீம் பூசினான். குளிருக்குக் கொஞ்சம் இறுகியிருந்தது. ஆனால் அவன் கண் முழுக்கக் கண்ணாடியில் மினுங்கிய மொட்டையில்தான் இருந்தது. அங்கே ஒரு முடி முளைத்திருந்தாலும் பிடுங்கத் தயாராக இருந்தான்.

வாசலில் மாமா நின்றார். "தம்பி, வெளிக்கிட முன்னம் ஒரு சொல்லு..."

"போட்டு வாறன் மாமா, வந்து கதைப்பம்!"

சோதனை நிலையத்தில் இருந்த கிரண் கோயம்புத்தூர்க்காரர். கோப்பைப் பார்த்தார், தலையைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"அப்பாங்களா சார்?"

மறுத்துச் சொல்லும் தெம்பு பிரஷாந்தனிடம் இல்லை. "ஓம்."

"ஆழ்ந்த அனுதாபம் சார். கவலைப்படாதீங்க, இதுக்காக உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம். தலையில இல்லைன்னா உடம்புல வேற எங்க இருந்தாலும் எடுத்துக்கலாம். பேண்ட்டைக் கொஞ்சம் மேல மடிங்க."

பிரஷாந்தனின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கால்! காலில் என்ன இருக்கிறது? எண்ணெய் தலையில் மட்டும்தானே பூசினான். இரண்டு காலையும் பெருமையோடு நீட்டினான்.

"நல்ல அடர்த்தி சார்," என்றார் கிரண், கத்தரித்துப் பைக்குள் போட்டு ஒட்டியபடி. "தோலும் நல்லா மெதுமெதுன்னு வெச்சிருக்கீங்க."

"நன்றி," என்றான் பிரஷாந்தன்.

வீட்டுக்கு வந்தபோது மிருணாளினி அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். கட்டிப்பிடித்தாள். "பாஸோ?"

"காலில எடுத்தவை! கால் சுத்தம்! மிருணா, இனி நாங்கள் பின்னேரத்தில ஒண்டாய் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்." பிறகு தலையைத் தடவிக்கொண்டான். "மொட்டை போட்டது வீண்போகேல்லை."

சச்சிதானந்தன் கதிரையிலிருந்து ஒரு ஆளின் உதவியும் இல்லாமல் எழும்பி, குசினியை எட்டிப் பார்த்தார்.

"இராஜேஸ்வரி எங்கை?"

"அம்மா கெவின்ர தட்டில வடை வைச்சுக் குடுக்கப் போட்டா."

மாமா கதவைச் சாத்தினார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, சனிக்கிழமை தொடக்கம் நான் சொல்ல வாறது இதுதான்: நீங்கள் தலைக்குப் பூசினது, வலது போத்தலில இருந்து நான் இடதுக்குள்ள ஊத்தி வைச்ச வெறும் கறிவேப்பிலை எண்ணெய்; மருந்தை நீங்கள் கண்டால் எறிஞ்சுபோடுவியள் எண்டு பயந்து, வெள்ளிக்கிழமையே நான் அதைப் பாத்றூமில இருக்கிற வெள்ளை டப்பாவுக்குள்ள மாத்திப்போட்டன்."