பதினான்காம் பக் மூடப்பட்டது

வேலைக்கு விண்ணப்பித்தபோது எக்செல் நன்றாகத் தெரியும் என்று எழுதியிருந்தேன். அந்தப் படிவத்தில் உண்மை என்று பார்த்தால் தேவகி என்ற என் பெயரும் கூலாய் வீட்டு முகவரியும்தான்.

வேலை ஜொகூர் பாருவில், ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில். பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைகளின் எடைமேடைக்கு மென்பொருள் செய்தார்கள். குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும். எடை கணினியில் பதிவாகும். வெளியே பெரிய போர்டில் சிவப்பு எழுத்தில் தெரியும். அந்த மென்பொருளில் வருகிற கோளாறுகளை, எங்கள் பாஷையில் பக்குகளை, பட்டியல் போட்டு வைப்பது என் பொறுப்பு. பக் நம்பர், என்ன கோளாறு, இப்போது என்ன நிலை. சரியாகிவிட்டால் 'குளோஸ்ட்', இல்லையென்றால் 'ஓப்பன்'. ஒவ்வொரு புது வெர்ஷன் வெளியாகும்போதும் எது சரியாகிவிட்டது, எது இன்னும் இருக்கிறது, இருப்பதை எப்படிச் சமாளிப்பது என்று ஆலைகளுக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். (கேட்க எளிதாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.)

நான் சேர்ந்து இரண்டு மாதத்தில் நான்காம் வெர்ஷன் தயாரானது. குளோஸ்ட் எல்லாம் ஒன்றாகவும் ஓப்பன் எல்லாம் ஒன்றாகவும் வருகிற மாதிரி பட்டியலை அடுக்கிக் கொடுக்கச் சொன்னார் மேலாளர் மிஸ்டர் லிம். நான் 'நிலை' என்ற ஒரே ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ஏ டு இசட் வரிசைப் பொத்தானை அமுக்கினேன். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அடுக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றேன். எதற்கு வீணாக எல்லாவற்றையும் கலைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பக்குகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் நிலை மட்டும் இடம் மாறிவிட்டது. மேலே ஐம்பது வரிசை குளோஸ்ட், கீழே முப்பது வரிசை ஓப்பன். பார்க்க அழகாக இருந்தது. (வண்ணம் வேறு அடித்தேன்.)

இரண்டு நாள் கழித்து புரோகிராமர் ஹஃபிஸ் என் மேசைக்கு வந்தார்.

"தேவகி, அறுபத்தொண்ணாம் பக்கை நான் வெர்ஷன் டூவிலேயே சரி பண்ணிட்ட மாதிரி ஞாபகம்."

"லிஸ்ட்ல ஓப்பன்னு இருக்கே, அபாங்," என்றேன். (அபாங் என்றால் மலாயில் அண்ணன்.)

பாவம், அவர் தன்னை விட என் பட்டியலை நம்பினார். இல்லாத ஒரு கோளாறை நான்கு நாள் தேடினார். நான் அந்தப் பட்டியலைப் பார்த்துக் குறிப்பு எழுதி எல்லா ஆலைகளுக்கும் அனுப்பினேன்.

அடுத்த வாரம், காலை பத்து மணிக்கு கூலாய் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து அழைப்பு. எந்த லோரி ஏறினாலும் ஒரே எடை காட்டுகிறதாம். வரிசை பெரிய சாலை வரை நிற்கிறதாம். வெட்டிய குலையை வெயிலில் ரொம்ப நேரம் வைத்தால் எண்ணெய் கெட்டுப்போகும். மிஸ்டர் லிம் என்னைப் பார்த்தார். "உன் வீடு அங்கதானே. நீயே போய்ப் பாரு."

போனேன். எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி காக் ரோஸ் (காக் என்றால் மலாயில் அக்கா), ஐம்பது வயது மலாய்க்காரப் பெண்மணி, கண்ணாடி அறைக்குள் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நம்பர் தப்பாகப் பதிந்த ஒரு லோரியின் எடை டிக்கெட்டை ரத்து செய்தாராம். அதிலிருந்து 22,340 கிலோ என்பது திரையை விட்டு நகரவில்லை. நான் மடிக்கணினியைத் திறந்து தேடினேன். அதே கோளாறு, பதினான்காம் பக்.

"இது குளோஸ்ட்," என்றேன். மருத்துவர் சொல்வது போலச் சொன்னேன்.

"அப்படியா. போர்டுகிட்ட சொல்லு," என்றார் அவர் மலாயில்.

ஜன்னலோரம் நின்ற, பாலோ ஊரிலிருந்து வந்த லோரிக்கார அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, குளோஸ்னா கேட்டையா மூடப் போறீங்க?"

"இல்லண்ணே, பக் மூடியாச்சு. மேடையிலதான் ஏதோ கோளாறு போல. லோரிய கொஞ்சம் பின்னால எடுங்க."

எடுத்தார். வெறும் மேடை 22,340 கிலோ காட்டியது. அப்போதாவது நான் யோசித்திருக்கலாம். மேடையில் ஒன்றுமே இல்லாததால் பழைய எடையைக் காட்டுகிறது என்று முடிவு செய்து, ஆபீஸ் சப்பாத்துக் காலோடு நானே நடந்து போய் நடுவில் நின்றேன்.

தலைக்கு மேலே போர்டு. இருபது லோரிக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். 22,340.

யாரும் உடனே சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தங்கச்சி," என்றார் பாலோ அண்ணன் அக்கறையோடு, "ராத்திரிக்குச் சோறு வேணாம், சப்பாத்தி சாப்பிடுங்க." போனை எடுத்துப் படம் பிடித்தார்.

மேடையில் நின்றபடியே ஹஃபிஸைக் கூப்பிட்டேன். "பதினாலா? அதை நான் தொடவே இல்லையே," என்றார். அப்போதுதான் பட்டியலை மேலிருந்து கீழே வரை ஒழுங்காகப் பார்த்தேன். நிலையை மட்டும் தனியாக அடுக்கி வைத்திருந்தேன்.

திரும்பி உள்ளே போனேன். "முன்னெல்லாம் இப்படி ஆனா என்ன பண்ணுவீங்க, காக்?"

"ரத்து பண்ணவே மாட்டேன். தப்பித் தவறிப் பண்ணிட்டா, புரோகிராமை மூடித் திறப்பேன். ரெண்டு நிமிஷம்."

"இன்னைக்கு ஏன் பண்ணல?"

மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். என் குறிப்பு. 'பதினான்காம் பக் சரிசெய்யப்பட்டது. இனி தாராளமாக ரத்து செய்யலாம். மூடித் திறக்க வேண்டாம். ஏதாவது பிரச்சினை என்றால் எங்களை அழைக்கவும்.' கீழே என் பெயர்.

"நீ எழுதினதைப் படிச்சுத்தான்மா அமுக்கினேன்," என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மூடித் திறந்தோம். இரண்டு நிமிஷம். இரண்டு மணி நேரமாக நின்ற லோரிகள் ஒவ்வொன்றாக ஏறின. கடந்து போன அத்தனை பேரும் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஹஃபிஸும் நானும் மூன்றாம் வெர்ஷன் காலத்துப் பட்டியலின் பிரதியை வைத்து எண்பது பக்குகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அறுபத்தொண்ணு வந்தபோது அவர் எழுந்து டீ குடிக்கப் போனார். மிஸ்டர் லிம் பட்டியலில் புது நெடுவரிசை ஒன்று சேர்த்தார்: புது வெர்ஷனில் யாராவது நேரில் அமுக்கிப் பார்த்தால்தான் குளோஸ்ட். அதற்கு 'தேவகி' என்று பெயர் வைத்தார். நான் வேறு நிறுவனத்துக்கு மாறி வந்துவிட்டேன். அது இன்னும் அங்கே இருக்கிறதாம். பொந்தியானிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், இது எந்தத் தொழில்நுட்பச் சொல்லின் சுருக்கம் என்று கேட்டாளாம்.

அன்று அண்ணன் பிடித்த படம் பாலோ போய், அங்கிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தபோது நான் இன்னும் ஆலையை விட்டே கிளம்பவில்லை. "லோரி ஏறுற எடத்துல ஒனக்கு என்னாடி வேல?" என்று அம்மா போன் செய்தார். பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதை முன்பே பார்த்திருந்தார்கள். அப்படியும் சம்மதித்தார்கள்.

போன வருஷம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் கண் விழிப்பதற்குள் மாமியார் குடும்பக் குழுவில் செய்தி போட்டுவிட்டார். 'தாயும் சேயும் நலம். எடை மூணு கிலோ நூறு. நர்ஸ் பார்த்துச் சொன்னது, தேவகி இல்ல.'