தம்பிதுரையின் மேல்வரிசை

கதவில் பூட்டு தொங்கியது. பூட்டுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. தம்பிதுரை கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்று தடவை படித்துப் பார்த்தார். மூன்று தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது: "பல் மருத்துவப் பிரிவு மறு அறிவிப்பு வரும்வரை இயங்காது."

அவருடைய மேல்வரிசைப் பல் அத்தனையையும் இதே கதவுக்குப் பின்னால்தான் பிடுங்கியிருந்தார்கள். புதுப் பல்லுக்கு அளவும் எடுத்தாயிற்று. இன்றைக்கு வந்தால் மெழுகில் வைத்துப் பார்க்கலாம், அடுத்த வாரம் பல்லைக் கையில் வாங்கிக்கொண்டு போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சரியாகப் பதினான்கு நாளில் மகள் பிரவீனாவுக்கு உப்புச்சக்கரை. இரண்டு வீட்டு ஒறம்பரை சொந்தங்களும் கூடி, உப்பும் சர்க்கரையும் மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்கிற நாள்.

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் போனார்.

"ஏனுங் நரசிம்மலு, இதென்னுங்க அநியாயம்?"

"டாக்டரம்மாவக் கோயமுத்தூருக்கு மாத்திப்போட்டாங்க. திங்கக்கெழம ஆர்டர் வந்துச்சு, செவ்வாக்கெழம கெளம்பிட்டாங்க" என்றார் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்த நரசிம்மலு.

"புது டாக்டரு?"

"வருவாங்க."

"எப்பங்க?"

"அது அவங்க வந்தாத்தானுங்க தெரியும்."

"என்ற பல்லு அளவு?"

"பீரோவுக்குள்ள இருக்குமாட்ட இருக்குது. சாவி டாக்டரம்மாகிட்ட."

தம்பிதுரை அதிர்ந்து பேசாத மனுஷர். அன்றைக்கு அவருக்கே வாய் பொறுக்கவில்லை.

"நல்லா வேல செஞ்சுட்டிருந்த புள்ளைய எவன் இப்படித் தூக்கியடிச்சதுங்க? அவன் நல்லாருப்பானா? அவனும் என்னாட்ட பொக்க வாயோட நாலு சனத்துக்கு முன்னால நிக்கோணுமுங்க!"

சாபம் பாதி காற்றாகத்தான் வெளியே வந்தது. ஆனாலும் நரசிம்மலுவுக்குப் புரிந்தது. "நின்னே தீருவானுங்க" என்று ஆறுதல் சொன்னார்.

காரமடைக்குத் தெற்கே குட்டைமேடு என்கிற சின்ன ஊரில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் தம்பிதுரை. அவரிடம் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. நல்ல பழக்கம் ஒன்று உண்டு. யார் ஒரு நல்லது செய்தாலும், அவர்களுடைய மேலதிகாரிக்கு ஒரு போஸ்ட்கார்டு எழுதிப் போட்டுவிடுவார். ஓடி வந்த கிழவிக்காக பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர், மழையில் கம்பம் ஏறிய லைன்மேன் செங்கோடன், ரேஷன் அரிசியைப் புடைத்துக் கொடுத்த பெண், வலி தெரியாமல் பல் பிடுங்கிய ஜெனிதா டாக்டர், கோயில் பொங்கலில் முந்திரியைக் குறைக்காத சமையல்காரர், ஒருவரையும் அவர் விட்டதில்லை. எழுதி முடித்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். சட்டைப்பையில் எந்நேரமும் இரண்டு வெற்றுக் கார்டு இருக்கும்.

அவருடைய பல் மட்டும் சின்ன வயதிலிருந்தே கோணலும் மாணலுமாக இருந்தது. கல்யாண போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, வீட்டை ஜப்தி செய்ய வந்த அமீனா கணக்காக நிற்பார். அவர் பல் தெரியச் சிரித்த ஒரு படம் அந்த வீட்டில் கிடையாது.

"எனக்கு நகை கொறச்சாலும் பரவால்லீங்ப்பா. உப்புச்சக்கர போட்டோவுல நீங்க வாயத் தொறந்து சிரிக்கோணும். அவ்வளவுதான்" என்று பிரவீனா கண்டிஷன் போட்டுவிட்டாள். அதற்காகத்தான் அறுபத்திரண்டு வயதில் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிப் போய் உட்கார்ந்தார். தனியார் கிளினிக்கில் கேட்ட தொகைக்குக் காங்கேயம் காளை ஒரு ஜோடி பிடித்துவிடலாம்.

மறுநாள் காலையில் கோயமுத்தூர் பஸ் ஏறினார். பெரிய ஆஸ்பத்திரியில் தேர்க்கூட்டம். வரிசை ஊர்ந்து ஊர்ந்து சீட்டுக் கொடுக்கிறவரிடம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

"ஜெனிதா டாக்டர் இன்னிக்கு ஸ்கூல் கேம்ப் போயிட்டாங்க. பழைய சீட்டும் அளவும் கொண்டு வந்திருக்கீங்களா?"

"அளவு பீரோவுக்குள்ள இருக்குதுங்க. பீரோ ரூமுக்குள்ள இருக்குதுங்க. ரூம் பூட்டியிருக்குதுங்க."

"அப்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும் பெரியவரே. ரெண்டு மாசம் ஆகும்."

"பதிமூணு நாள்ல உப்புச்சக்கரைங்க."

"சந்தோசம்" என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பொக்கென்று போய்விட்டது தம்பிதுரைக்கு. காந்திபுரம் வந்து ஊருக்கு பஸ் தேடியபோதுதான், ஒரு மாடிப்படி ஓரத்தில் "இலவசப் பல் பரிசோதனை முகாம், இன்று மட்டும்" என்ற பேனர் கண்ணில் பட்டது. பார்க்கத்தானே போகிறோம் என்று ஏறினார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்பிள்ளை கண்ணு மாதிரி பேசியது. மேல்வரிசையைப் பார்த்து "ச்சு ச்சு" என்றது. கீழ்வரிசையில் முன்னால் இருந்த இரண்டு பல்லைத் தொட்டு ஆட்டியது.

"இது ரெண்டும் ஆடுதுங்க அங்கிள். இப்பவே எடுத்துடலாமுங்களா? ஃப்ரீதானுங்க."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இவ்வளவு ஆசையாகக் கேட்கிற பிள்ளையிடம் முகத்தில் அடித்தாற்போல் எப்படிச் சொல்வது? "உங்க இஷ்டமுங்க அம்மணி" என்று சொல்லித் தொலைத்தார்.

பல் தேடிப் போன மனுஷர், இருந்ததிலும் இரண்டைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார்.

"அட கெரகமே!" என்று தலையில் கை வைத்தாள் மனைவி மாரியாத்தாள். "கெழக்க போகச் சொன்னா மேக்க போயிட்டு வாரீங்களே! அந்தப் புள்ள கேட்டா கழுத்தயும் நீட்டுவீங்களாட்ட இருக்குது?"

அன்றிலிருந்து அவர் வாயைத் திறப்பதையே விட்டார். பேசினால் விசில் வந்தது. போன் அடித்தால் அடித்து ஓயட்டும் என்று தலையணைக்கு அடியில் போட்டுவிடுவார்.

இந்த இடத்தில்தான் மாரியாத்தாளின் அண்ணன் மகன் மதன்குமார் உள்ளே வந்தான். எதற்கும் ஆன்லைனில் தீர்வு வைத்திருக்கிறவன் அவன். ஒரு வாரம் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"ரெடிமேட் பல்லுங்க மாமா. சுடுதண்ணில போட்டா எளகும். வாயில வெச்சு அமுக்குனா உங்க வாய்க்குத் தக்கன ஒட்டிக்கும்."

பல் ஒட்டிக்கொண்டது. ஆனால் அது ஏதோ சினிமா நடிகனுக்குச் செய்த பல். வெள்ளை வெளேரென்று, வாய்க்கு ஒரு சுற்றுப் பெரிதாக, தம்பிதுரை வருவதற்கு முன்னால் அது வந்து நின்றது. கண்ணாடியில் பார்த்து அவரே ஒரு எட்டு பின்னால் போனார்.

"பழகிக்கும் மாமா" என்றான் மதன்குமார்.

பழகுவதற்குள் சம்பந்தி வீட்டார் மண்டபம் பார்த்துவிட்டு அப்படியே உள்ளே நுழைந்துவிட்டார்கள். எல்லாரும் உட்கார்ந்ததும் கரண்ட் போனது.

"செங்கோடன் இருந்த வரைக்கும் இந்தத் தெருவுல கரண்டு போனதுண்டா?" என்று விசிறியை எடுத்தாள் மாரியாத்தாள். "அந்தப் புண்ணியவானுக்கு புரமோசன் குடுத்துக் காங்கேயம் பக்கம் அனுப்பிச்சுப் போட்டாங்க. நல்லவங்க யாருமே நம்மூர்ல தங்கறதில்லீங்க."

தம்பிதுரை அதை ஆமோதித்துத் தலையாட்டினார். பல்லும் கூடவே ஆடியது. அதை மறைக்க அவசரமாகக் காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். கொதிக்கிற காப்பி. சுடுதண்ணியில் இளகுகிற பல் சுடுகாப்பியில் மட்டும் இளகாமல் இருக்குமா? சம்பந்தியைப் பார்த்து மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். மேல்வரிசை மொத்தமாகக் கழன்று, பணியாரத் தட்டில் தேங்காய்ச் சட்னியில் போய் உட்கார்ந்தது.

சம்பந்தி பெரிய மனுஷர். தட்டையும் பார்த்தார், தம்பிதுரையையும் பார்த்தார். பிறகு கொஞ்சம் தள்ளியிருந்த பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பணியாரம் நெம்ப நல்லாருக்குதுங்க" என்றார்.

அவர் கேலி செய்திருந்தால்கூடத் தம்பிதுரை தாங்கியிருப்பார். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. அவர்கள் கிளம்பிப் போனதும் மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, உப்புச்சக்கரையன்னிக்கு நான் பந்திப் பக்கம் நின்னுக்கறேன். மேடைக்கு உங்க பெரியப்பன் வரட்டும்."

பிரவீனாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "பல்லே இல்லாட்டிப் போச்சாது, பரவால்லீங்ப்பா. பொக்க வாயோடயே சிரிங்க. எனக்கு நீங்க பக்கத்துல நிக்கோணும்."

"நாலு சனம் சிரிக்குமே சாமி."

"சிரிச்சுட்டுப் போவுது!" என்று அழுதுகொண்டே அவள் அப்பாவின் தலையணையை எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். அடியில் கிடந்த போன் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"இதென்னுங்ப்பா, ஒரே நம்பர்லருந்து பதினோரு மிஸ்டு கால்?"

"லோன் வேணுமான்னு கேக்கற புள்ளையா இருக்கும். விடு."

அவள் விடவில்லை, திருப்பிக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் குரல் பாய்ந்து வந்தது.

"ஐயா வீடுங்களா? நான் டாக்டர் ஜெனிதா பேசறேன். ஐயாவோட பல்லு ரெடியாகி ஒரு வாரமாச்சு! கிளம்பற அன்னிக்கு அளவ நான் கையோட எடுத்துட்டு வந்துட்டேன். எத்தன தடவ கூப்புடறது?"

மாரியாத்தாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லப் பல் இருந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

உப்புச்சக்கரைக்கு இரண்டு நாள் இருக்கையில் குடும்பமே கோயமுத்தூர் போனது. பல் பிரிவின் வாசலில் அமலி என்கிற உதவியாளர் நின்றுகொண்டு ஒவ்வொரு டோக்கனாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். "பதினேழு! பதினேழு பெரியவரு வாங்க!" என்று தம்பிதுரையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

ஜெனிதா டாக்டர் வாயைத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டார். "கீழ ரெண்டு பல்லு இருந்துச்சே, எங்கங்க?"

"கேட்டாங்க, குடுத்துட்டாருங்க" என்றாள் மாரியாத்தாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. புதுப் பல்லை அரத்தால் ராவினார், வைத்தார், எடுத்தார், மறுபடி ராவினார். அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்து, "சிரிக்கறதுக்கு மேல்வரிசை போதுமுங்க. கீழ்வரிசைய அடுத்த மாசம் பாத்துக்கலாம். முறுக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

தம்பிதுரை பார்த்தார். வெளேரென்றும் இல்லை, பெரிதாகவும் இல்லை. இந்த வாய்க்கென்றே பிறந்த பல். மெதுவாக உதட்டைப் பிரித்தார். பிரவீனா போனைத் தூக்கினாள். அறுபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மனுஷர் வாய் நிறையச் சிரித்தார். மாரியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணத்தன்னிக்கே இப்படிச் சிரிச்சிருந்தா, நான் அன்னிக்கு அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்" என்றாள்.

டாக்டர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். தம்பிதுரைக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. அப்படி வழிந்தால் அவர் கை தானாக எங்கே போகுமோ அங்கே போனது. சட்டைப்பையிலிருந்து ஒரு போஸ்ட்கார்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார். சுத்தமான, காற்றுக் கலக்காத உச்சரிப்பில் அமலியிடம் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, இந்த டாக்டரம்மாவப் பத்தி மேலிடத்துக்கு நாலு நல்ல வார்த்த எழுதோணும். விலாசம் சொல்லுங்க."

அமலி பதறிப்போய் அவர் கையிலிருந்த கார்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாமுங்க பதினேழு! குட்டமேட்டுல தம்பிதுரைன்னு எவனோ ஒரு ஆளு இப்படித்தான் கார்டு எழுதிப் போட்டானாம். அதப் பாத்துட்டுத்தான், இவ்வளவு கெட்டிக்கார டாக்டர் சின்ன ஊருல எதுக்குன்னு அங்கிருந்து தூக்கி இங்க போட்டாங்க!"