கொடுப்பதற்காகக் குறைத்துக்கொள்பவர்

உலகத்தில் கொடுப்பவர் உண்டு, கொடாதவர் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: பிறகு நிறையக் கொடுப்பதற்காக இப்போது குறைத்துக்கொண்டிருப்பவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? சரி, எனக்குத் தெரிந்தவரைக் காட்டுகிறேன்.

ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். வீட்டுக்கு யார் வந்தாலும் பாதி டம்ளர் டீதான் என்பதால் தெருவில் அவருக்கு 'அரை டம்ளர்' என்று பெயர். பத்திரிகையை நிறுத்திவிட்டார், எதிர்வீட்டுத் தையல்காரரிடம் வாங்கிப் படிப்பார், அவர் பிரிப்பதற்கு முன்பே. ஸ்கூட்டரை விற்றுத் தலைமுழுகிவிட்டு, சக ஊழியரின் பின் சீட்டில் உட்கார்ந்து, தேவை குறையக் குறைய மனசு விரியும் என்று அந்த மனிதரின் காதில் ஓதிக்கொண்டே ஆபீஸ் போவார். இதெல்லாம் யாருக்காக? இல்லாதவர்களுக்காக. போன கோடையில் ஓர் ஆசிரமத்து வண்டியை வரவழைத்து, கட்டில், மெத்தை, போர்வைகள், கூடுதல் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். அத்தனையும் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான். அவருடைய சாய்வு நாற்காலி மட்டும் முதுகுவலி காரணமாக வீட்டிலேயே தங்கிவிட்டது.

பிறகு மழை வந்தது. மனைவியின் தங்கை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அக்கா இருக்கும்போது என்ன கவலை என்று, காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் சாயங்காலமே வந்து நின்றாள். அக்கா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள்; கவலைதான், கூடவே ஒரு சந்தோஷமும். தங்கைக்கென்று இதுவரை அவளால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. தண்ணீர் வடியும்வரை இருவரையும் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

நம்மவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை காலம் குறைத்ததெல்லாம் இந்த ஒரு நாளுக்குத்தானே?

"என்ன வேணுமோ கேளும்மா, கூச்சப்படாதே."

குழந்தையைப் படுக்க வைக்க ஒரு மெத்தை கேட்டாள். போர்த்த ஒரு போர்வை. பால் காய்ச்சிக் கொடுக்க ஒரு சின்னப் பாத்திரம் இருந்தால் தேவலை என்றாள். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓடிப் பிடித்து விளையாட வசதியான கூடம்.

நனைந்தபடி எதிர்வீட்டுக்கு ஓடினார். கண்டதையும் அடைத்து வைத்திருக்கிறீர்களே என்று வாரம் தவறாமல் அவர் உபதேசம் செய்த வீடு அது. தையல்காரர் உடனே மெத்தையைச் சுருட்டத் தொடங்கினார். அவர் மனைவியோ நேரே வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இந்தச் சில்லென்ற தரையில் வேண்டாம், எங்கள் வீட்டில் கட்டில் காலியாக இருக்கிறது என்று தங்கையைக் கையோடு கூட்டிப்போய்விட்டாள். நம்மவர் விடவில்லை. வாசலில் நின்ற தையல்காரரிடம் சொன்னார்:

"பாத்தீங்களா, கொடுக்கறதுல எவ்வளவு திருப்தி இருக்குன்னு?"

மனைவி வெறும் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். அழவில்லை, அழுதிருந்தால் அவருக்குச் சமாளிக்கத் தெரியும்.

"என் தங்கச்சிக்குப் படுக்க ஒரு இடம் கொடுக்க முடியல. நீங்க யாருக்குங்க கொடுக்கப் போறீங்க?"

கேட்டுவிட்டு, தன் இரண்டு புடவையைச் சுருட்டிக்கொண்டு அவளும் தெருவைக் கடந்து போனாள். இப்போது அந்த வீட்டில் குறைப்பதற்கு அவர் ஒருவர்தான் பாக்கி.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே, நாமும் கொஞ்சம் எளிமையாக இருந்தால் என்ன என்று தோன்றி, உங்கள் கண் மெல்ல வீட்டில் இன்னொருவருடைய அலமாரிப் பக்கம் போயிற்றல்லவா? அந்த இன்னொருவர் சமீபகாலமாக எதிர்வீட்டாரோடு நெருக்கமாகப் பழகுகிறாரா என்று எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.