உலகத்தின் முதல் தமிழ் மோர்மன் படம்

உலகத்தின் முதல் தமிழ் மோர்மன் திரைப்படத்தை எடுத்தவள் நான். கடைசித் தமிழ் மோர்மன் திரைப்படத்தை எடுத்தவளும் நான்தான். இரண்டும் ஒரே படம். முதல் என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. போஸ்டரில் அப்படித்தான் போட்டேன், மறுத்து ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. (இணையத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. தப்பித் தவறிக் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள், அழிக்க வேண்டும்.)

அப்போது நான் அம்மாவோடு நோபல் பார்க் என்ற புறநகரில் இருந்தேன், புலம்பெயர்ந்த தமிழ் ஆட்கள் நிறைய. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து ஞானஸ்நானமும் எடுத்துவிட்டேன். பயந்து பயந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைக்காமலே ஒன்று சொன்னார்.

"சரி. ஆனா ஒருத்தருக்கும் சொல்லாத."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் எங்கே போகிறேன் என்று கோயில் அன்ரிமார் கேட்டால், நெட்போல் விளையாடப் போகிறாள் என்று அம்மா சொல்லிவிடுவார். கணுக்கால் வரை பாவாடை கட்டிக்கொண்டு, கையில் வேதப் புத்தகப் பையோடு நான் நெட்போல் விளையாடப் போனேன். பந்தை ஒருவரும் கண்டதில்லை. கொஞ்ச நாளில் பத்மா அன்ரி கோயிலில் என்னை மறித்து, எந்த இடத்தில் நின்று விளையாடுகிறாய் என்று விசாரித்தார். நடுவில் என்றேன். கெட்டிக்காரி என்று தட்டிக்கொடுத்தார்.

சிரிப்பாகச் சொல்கிறேன், ஆனால் அப்போது வலித்தது. அம்மா சமயம் மாற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாராவது ஒருவர் முன்னால், ஒரே ஒரு தடவை, "என்ர மகள் சேர்ச்சுக்குப் போறா" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதை அவரிடமே நேராகக் கேட்டிருக்கலாம். தேங்காய் துருவுகிற நேரத்துக்குள் விஷயம் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. ஒரு முழுநீளப் படம் எடுத்தேன்.

கதையும் பெரிய மறைபொருள் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட இரண்டு மோர்மன் ஊழியக்காரப் பெடியன்கள் சமயம் பரப்ப வந்து ஒரு தமிழ் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அம்மா முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்துகிறார். மகள் அந்தச் சபையில் சேருகிறாள். கடைசியில் அம்மா மனம் இளகி அதே கதவைத் திறக்கிறார். இதைப் பார்த்ததும் என் அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பினேன். அப்படி ஒரு புத்தி எனக்கு அப்போது.

மோர்மன்கள் சொந்தமாகப் படம் எடுப்பது எங்கேயும் லேசான காரியம் இல்லை. சபை ஆட்களுக்குப் படம் துப்புரவாக இருக்க வேண்டும். எவ்வளவு துப்புரவு என்றால், கழுவிக் கழுவிக் கடைசியில் திரையில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. வெளி ஆட்களுக்கோ, படம் முடிந்து விளக்குப் போட்டதும் பிடித்து ஞானஸ்நானத் தண்ணீரில் முக்கிவிடுவார்களோ என்ற பயம். இரண்டு பேரையும் கழித்தால் பார்க்க ஆளில்லை. எனக்கு மேலதிகமாக ஒரு பிரச்சினையும் இருந்தது. மோர்மன்கள் ஞாயிறு வேலை செய்ய மாட்டார்கள். தமிழர்களுக்கு வெள்ளி கோயில், சனி காலை தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆகவே என் படத்தின் எல்லாக் காட்சிகளும் சனிக்கிழமை பின்னேர வெயிலில்தான் நடக்கும், காலைக் காட்சி உட்பட.

கேமராவுக்கு தயா அண்ணையைப் பிடித்தேன். கல்யாண வீடியோ எடுப்பவர். எது முக்கியம் என்று தோன்றினாலும் அதை மெதுவாக ஓடவிட்டுவிடுவார். தாலி கட்டுவதையும் மெதுவாக, ஐஸ்கிறீம் உருகுவதையும் மெதுவாக. ஊழியக்காரர்களாக சியோனேயும் ஜோஷும் நடித்தார்கள். சியோனே தொங்காத் தீவுப் பெடியன், உண்மையிலேயே இரண்டு வருடம் ஊழியம் செய்து திரும்பியவன். ஜோஷ் எங்கள் பிஷப்பின் மகன். (எங்கள் பிஷப் க்ரேக் தொழிலால் பிளம்பர். மோர்மன் சபையில் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது, குழாயும் திருத்தத்தான் வேண்டும்.)

அம்மா வேடத்துக்கு ஒத்துக்கொண்ட நாடகக்கார அன்ரி, கதவைச் சாத்தும் இடத்தை வாசித்ததும், வாசலுக்கு வந்த பிள்ளைகளிடம் அப்படி நடந்தால் பாவம் என்று விலகிவிட்டார். படப்பிடிப்பு எங்கள் வீட்டில். இன்னொருத்தி வந்து தன் குசினியில் நிற்பதை விடத் தானே நிற்பதாக என் அம்மா சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவே நடிக்கிறார்!

முதல் காட்சி. சியோனே கதவைத் தட்டினான். அம்மா திறந்தார். "உள்ள வாங்கோ பிள்ளையள்" என்றார்.

அம்மா, நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று விளக்கினேன். தலையாட்டினார். திரும்ப எடுத்தோம். திரும்பவும் உள்ளே வரச் சொன்னார். அடுத்த தடவை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னார். அதற்கடுத்த தடவை ஒன்றும் பேசாமல் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"அம்மா, கதவைச் சாத்துங்கோ."

"வெயிலுக்க நிக்கிறாங்களடி. உனக்கென்ன விசரே?"

கடைசியில் அம்மாவின் வளையல்களை வாங்கி என் கையில் போட்டு, கை மட்டும் தெரிய நானே கதவை அறைந்து சாத்தினேன். தயா அண்ணை அதை மெதுவாக ஓடவிட்டார். கதவு சாத்த ஒரு யுகம் பிடித்தது. அத்தனை வளையலும் ஜொலித்தது.

கடைசிக் காட்சி மட்டும் அம்மாவுக்குப் பிடித்திருந்தது, உபசரிக்கிற காட்சி அல்லவா? தேத்தண்ணியும் கோப்பியும் குடிக்க மாட்டோம் என்று சியோனே முன்கூட்டியே சொல்லிவிட்டான், அது எங்கள் சபை ஒழுங்கு. அம்மா குசினிக்குள் போய் மல்லியும் இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு மல்லித் தண்ணி அவித்துக்கொண்டு வந்தார். அதைக் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் தேத்தண்ணிச் செற்றில், கோப்பையும் சோசருமாகக் கொடுத்தார். பெடியன்கள் ஊதி ஊதிக் குடித்தார்கள். ஆவி பறந்தது. தயா அண்ணை சொக்கிப்போனார்.

அது மல்லித் தண்ணி என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது பார்க்கிறவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு படத்தை முடித்தேன்.

திரையிட்டது எங்கள் சபை மண்டபத்தில், படத்தை ஓட்டியது தயா அண்ணை. உள்ளே கூடைப்பந்து மைதானமும் உண்டு, திரைக்கு மேலே வளையம் தொங்கியது. வலது பக்கக் கதிரைகளில் சபை ஆட்கள், பிஷப் முன்வரிசையில். இடது பக்கம் அம்மாவின் கோயில் கூட்டம், நடுவில் பத்மா அன்ரி. தமிழ் ஆட்களுக்கு எந்த மண்டபமும் வாடகை மண்டபம்தான், யாருடையது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. சிட்னியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மோர்மன் படங்களைச் சேர்த்துச் சின்னதாக ஒரு விழா நடத்துகிறவர், என் படத்தை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வந்தவர். நான் அவரைப் பார்க்கவே இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு சாத்தும் காட்சி வந்தது. இடது பக்கம் முணுமுணுப்புக் கிளம்பியது. வளையல்களை எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பெடியன்களின் முகத்தில் கதவைச் சாத்தினாயா என்று பத்மா அன்ரி கேட்டது பின்வரிசை வரை கேட்டது. அம்மாவின் கழுத்து விறைத்தது.

பிறகு கடைசிக் காட்சி. ஊழியக்காரர் இருவர், தேத்தண்ணிக் கோப்பை, மண்நிறத் தண்ணி, ஆவி. சியோனே கோப்பையை உயர்த்தினான். மெதுவாக. உதட்டில் வைத்தான். இன்னும் மெதுவாக. வலது பக்கம் மூச்சு நின்றது. ஒரு தாய் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினார். பிஷப் க்ரேக் தன் மகன் ஜோஷ் திரையில் தேநீர் உறிஞ்சுவதை, கண்ணிமைக்காமல், தயா அண்ணை விரும்பிய நேரம் முழுவதும் பார்த்தார்.

சிட்னிக்காரர் பேனாவை மூடினார். சபையிலும் முகத்தில் முழிக்க முடியாது, கோயிலிலும் முழிக்க முடியாது. ஒரே படத்தில் இரண்டையும் முடித்துவிட்டேன்.

அப்போதுதான் அம்மா எழுந்தார். நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்றார். அவர் சேலையில் சியோனே குடித்துக்கொண்டிருந்தான்.

"தயா, நிப்பாட்டு."

நின்றது. விளக்குப் போட்டார்கள். அம்மா என்னைப் பார்த்து, நான் சொல்லுறதை இவைக்கு இங்கிலீசில் சொல்லு என்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தக் கை என்ர கை இல்லை. இவளின்ர கை. நான் ஒருத்தருக்கும் கதவு சாத்தேல்லை."

மொழிபெயர்த்தேன்.

"அது தேத்தண்ணி இல்லை. மல்லித் தண்ணி. தேத்தண்ணி இந்தப் பிள்ளையளுக்கு ஆகாது எண்டு எனக்குத் தெரியும். நான் இவையின்ர சமயம் இல்லை. வரவும் மாட்டன். ஆனா என்ர மகள் இந்தச் சேர்ச்சுக்குத்தான் போறா. என்ர மகளின்ர சேர்ச் ஆக்களுக்கு ஆகாததை நான் என்ர வீட்டில குடுப்பனோ?"

என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அம்மா என் முழங்கையில் இடித்தார், சொல்லு என்று. சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பிறகு பத்மா அன்ரியின் குரல் வந்தது.

"அப்ப நெட்போல்?"

அம்மா யோசித்தார். "நெட்போலும் இல்லை" என்றார்.

மிச்சப் படத்தைப் போடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அம்மா காரிலிருந்து பெரிய பிளாஸ்கை எடுத்துவந்து பிஷப்புக்கு முதல் கோப்பை ஊற்றினார். அவர் எல்லோர் முன்னாலும் ஒரே மடக்கில் குடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எங்கள் சபையில் கண்ணீர் வந்தால் உள்ளம் தொடப்பட்டது என்று அர்த்தம். அன்றைக்கு இஞ்சி. இரண்டு பக்கமும் வரிசையில் நின்று குடித்தார்கள், பத்மா அன்ரி இரண்டு தரம்.

சிட்னிக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, படம் எடுபடாது என்றார். தன் ஆட்களுக்கு இதில் தமிழ் கூடிப்போச்சு, தமிழ் ஆட்களுக்கு மோர்மன் கூடிப்போச்சு. அப்படியானால் எங்களைப் போன்றவர்கள் எடுக்கும் படங்களுக்கு எதிர்காலமே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். உங்கள் அம்மா எழுந்து பேசினாரே, அதை யாராவது எடுத்திருந்தால் அதுதான் எதிர்காலம், அதை மட்டும் அனுப்புங்கள், கண்ணை மூடிக்கொண்டு விழாவில் போடுகிறேன் என்றார்.

நான் தயா அண்ணையிடம் ஓடினேன். திரையிடலைப் படம் பிடிக்கவும் அவரைத்தான் மண்டப மூலையில் கேமராவோடு நிறுத்தியிருந்தேன்.

"அக்கா நிப்பாட்டு எண்டவா," என்றார் தயா அண்ணை. "நான் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டன்."

அதற்குப் பிறகு நான் படம் எடுக்கவில்லை. கல்யாணமாகி நகரத்தின் மறுகோடியில் வெரிபீக்கு வந்துவிட்டேன், அம்மா எங்களோடுதான் இருக்கிறார். இப்போதும் கோயிலுக்குத்தான் போகிறார். ஞாயிறு காலையில் நான் பாவாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டு புறப்பட்டால் என் கணவரும் பிள்ளைகளும் நெட்போலுக்கு நேரமாகிறது என்று விரட்டுவார்கள். அம்மா சிரிக்க மாட்டார். வாசல் வரை வந்து, சபைக்கான மல்லித் தண்ணிப் பிளாஸ்கை என் கையில் தருவார். கதவை நான் காரில் ஏறும்வரை திறந்தே வைத்திருப்பார்.

"போயிட்டு வா," என்பார். "இண்டைக்காவது வெல்லுங்கோ."