வில்லன் தேவை

"எல்லாம் நல்லா இருக்கு. வில்லன் எங்க?" என்று கேட்டார் தொலைக்காட்சி மேடம்.

ஆவணப்பட இயக்குநர் ஃபோனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிப் பார்த்தார். கேள்வி மாறவில்லை.

"வில்லன் போன வருஷமே ஓடிப்போயிட்டாரு மேடம். அதுதானே படத்தோட வெற்றி."

"அது அவங்க வெற்றி. உங்க படத்துல ஒரு மணி நேரமா விதை போடுறாங்க, பாட்டுப் பாடுறாங்க, பாத்திரம் கழுவுறாங்க. மரத்தை ஒருத்தனாவது வெட்ட வரணுமா வேணாமா? கடைசிக் காட்சி இந்த வாரத்துக்குள்ள வரலைன்னா, அந்த நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சி போட்டுடுவேன்."

விஷயம் இதுதான். அந்தக் குன்றை உடைத்துக் கல்லெடுக்க ஒரு குவாரிக் கம்பெனி வந்தது. உச்சியில் இருந்த கிழட்டு மரத்தை முதலில் சாய்ப்பதாக ஏற்பாடு. நகர வேலைகளை உதறிவிட்டுக் குன்றின்மேல் குடிசை போட்டு வாழும் பசுமைக் குடும்பத்தார் அடிவாரத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். புல்டோசர் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, திரும்பிப் போய்விட்டது. அறம் வென்றது. அந்த நேரம் பார்த்து அங்கே கேமரா மட்டும் இல்லை.

இயக்குநருக்கு மரத்தைவிட இந்தப் படம் பிழைப்பது முக்கியம். படம் வெளிவராவிட்டால் மாமனாரின் டைல்ஸ் கடையில் உட்காருவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குக்குச் சாட்சியாக மனைவியின் தம்பியே கேமராமேனாக வந்திருந்தான்.

"மாமா, அப்பா கேட்டாரு. பாத்ரூம் டைல்ஸ் பிரிவா, ஹால் டைல்ஸ் பிரிவான்னு."

"மாப்ளே, நீ ஃபோகஸைப் பாரு."

முதலில் இயக்குநர் எளிய வழியைத்தான் எடுத்தார். எல்லோரையும் மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கச் சொன்னார். நின்றார்கள். எதிரே ஆபத்து எதுவும் இல்லாததால், முகத்தில் ஒரு பாசம்தான் தெரிந்தது. அதை அனுப்பி வைத்தார்.

"மரத்துக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டார் மேடம்.

ஆக, புல்டோசர் வேண்டும். அதற்குக் குடும்பத்தாரின் ஒப்புதல் வேண்டும். அங்கே எந்த முடிவும் ஒருவர் விடாமல் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. கூட்டத்தில் கைமாறிச் சுற்றும் கூழாங்கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். மற்றவர்கள் மூச்சுவிடலாம்.

எல்லோருக்கும் இயற்கைப் பெயர்தான். கல்லை முதலில் கையில் எடுத்தவர் காளான். முன்பு கணினிக் கம்பெனியில் இருந்தவர், ஆட்சேபணையே வாழ்க்கை என்றாகிவிட்டவர்.

"நடந்ததை மட்டும்தான் எடுப்பேன்னு சொன்னீங்க. இப்ப நடிக்கச் சொல்றீங்க. இது பொய்."

கல் இயக்குநரிடம் வந்தது. "பொய்யில்லைங்க. நடந்ததையே இன்னொரு தடவை நடத்துறோம். ஏதோ ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்தா பொய். அன்னிக்கு வந்த அதே வண்டி, அதே டிரைவர் வந்தா?"

காளான் கையை நீட்டிக் கல்லை வாங்கி, நெடுநேரம் வைத்திருந்து, "அப்ப உண்மை" என்றார்.

முன்பு வங்கி மேலாளராக இருந்து இப்போது குடும்பத்துக்குத் தலைவியாக இருக்கும் வேர் அக்கா சிரித்தார். "நம்ம பாட்டைக் கேட்டு அந்த டிரைவர் அன்னிக்கே மனசு மாறிட்டாரு. கூப்பிடுங்க தம்பி, ஆசையா வருவாரு."

இயக்குநர் கம்பெனிக்குத் தயங்கித் தயங்கி ஃபோன் செய்தார். மேலாளர் அவ்வளவு இனிமையான மனிதராக இருப்பார் என்று யார் கண்டது.

"மரம் வரைக்கும் வண்டி வரணுமா சார்?"

"ஆமா சார். மரமும் வண்டியும் ஒரே ஃப்ரேம்ல வேணும்."

"தாராளமா. வாடகையெல்லாம் வேணாம். நல்ல காரியத்துக்கு எங்க பங்கா இருக்கட்டும்."

"திருந்திட்டாங்க, மாப்ளே" என்றார் இயக்குநர், கண் கலங்க.

மறுநாள் காலை மஞ்சள் புல்டோசர் அடிவாரத்தில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, மேலே போகும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்தார். அது ஆடு போனால் உரசிக்கொண்டு போகிற பாதை.

"இதுல ஏறாது சார்."

"செடிங்க மேலயே ஏத்திட்டு வாங்களேன்" என்று இயக்குநர் சொல்லிமுடிப்பதற்குள் காளான் வண்டிக்கு முன்னால் படுத்துவிட்டார். கேமரா மேலே இருந்ததால் அதுவும் படத்தில் விழவில்லை.

மீண்டும் கூட்டம். மீண்டும் கல். மதியம்வரை சுற்றிய கல்லை வேர் அக்கா கடைசியாக வாங்கினார். "ஒரு செடிகூடச் சாகக் கூடாது. வண்டி நசுக்குறதுக்கு முன்னாடி, நாமளே வேரோட எடுத்துப் பக்கத்துல நட்டுடுவோம்."

பசுமைக் குடும்பத்தார் வேலை என்று இறங்கினால் வேலைதான். ஒவ்வொரு புதரிடமும் மன்னிப்புக் கேட்டு, மண்ணோடு தோண்டி, தண்ணீர் ஊற்றி ஓரத்தில் நட்டார்கள். "கொஞ்சம் நகர்த்துறோம், கோவிச்சுக்காத" என்று ஒருவர் முட்செடியிடம் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அது பதில் சொல்ற வரைக்கும் நிக்கிறாரு."

"சொல்லட்டும்டா. நமக்கென்ன போச்சு."

நமக்குப் பொழுது போனது. மேலே ஏறிய பாதை ஒரு பள்ளத்தில் முடிந்தது. கற்களை உருட்டி வந்து நிரப்பினார்கள். நிரப்பிய இடத்தில் வண்டி அமிழ்ந்தது. அதனால் இன்னும் பெரிய கற்கள், அதன்மேல் சரளை, அதன்மேல் மண். எல்லோரும் வரிசையாக நின்று பாடிக்கொண்டே மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள்.

டிரைவர் பொறுமைசாலி. இருக்கையில் இருந்தபடியே யோசனை சொன்னார்.

"இந்த வளைவுல இன்னும் ரெண்டடி கிடைச்சா நல்லாருக்கும் சார்."

"எதுக்கு அண்ணே? இப்பவே திரும்புதே."

"திரும்புது. அகலமா இருந்தா படத்துலயும் பார்வையா இருக்கும்ல."

டிரைவருக்குள் இப்படி ஒரு கலைஞன் இருப்பான் என்று இயக்குநர் எதிர்பார்க்கவில்லை. ஐந்தடியாகவே கொடுக்கச் சொன்னார். காளான்கூட ஆட்சேபிக்கவில்லை. தான் கட்டிய கல் விளிம்பைத் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருந்தார். கணினிக் கம்பெனியில் ஒருநாளும் கிடைக்காத திருப்தி அந்த முகத்தில் இருந்தது.

மூன்றாம் நாள் புல்டோசர் மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"கை தட்டக்கூடாதுங்க. எதிர்க்கணும்" என்றார் இயக்குநர்.

எதிர்ப்பதில்தான் சிக்கல். மூன்று நாள் சேர்ந்து உழைத்ததில் டிரைவர் குடும்பத்தில் ஒருவராகியிருந்தார். வண்டி உறுமிக்கொண்டு வரும்போது, மரத்தைக் கட்டிப்பிடித்திருந்த வேர் அக்கா, "பார்த்து அண்ணே, இடதுபக்கம் கல் இருக்கு" என்றார். டிரைவரும் ஜன்னல் வழியே குனிந்து, "பார்த்துட்டேன்க்கா" என்றார்.

"கட். அண்ணே, கொஞ்சம் வில்லன் மாதிரி பாருங்க."

"நான் இப்படித்தான் சார் பார்ப்பேன்."

"நீங்க உண்மையிலேயே இந்த மரத்தை வெட்ட வந்திருக்கீங்கன்னு நினைச்சுக்கங்க."

டிரைவர் மரத்தைப் பார்த்தார். அடியிலிருந்து நுனிவரை, அளவெடுக்கிற மாதிரி, நிதானமாக. கேமராவுக்குப் பின்னால் இருந்த மைத்துனனுக்கே புல்லரித்தது. வண்டி சீறியது. குடும்பத்தார் நிஜமாகவே அலறினார்கள். வேர் அக்கா கண்ணை மூடிக்கொண்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டார். வண்டியின் முன்பக்க இரும்புப் பலகை அவர் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

"ஓகே" என்று கத்தினார் இயக்குநர்.

உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்தே அனுப்பினார். சற்று நேரத்தில் மேடம் அழைத்தார்.

"நிஜமா நடந்த மாதிரியே இருக்கு. அந்த டிரைவரை எங்க பிடிச்சீங்க? சமையலை வேற நாளைக்குத் தள்ளிட்டேன்."

இயக்குநர் ஃபோனை வைத்துவிட்டு மரத்தைக் கட்டிப்பிடித்தார். வந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. மைத்துனன் அக்காவுக்கு ஃபோன் போட்டு, "கடைக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லு" என்றான். குடும்பத்தார் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். கூழாங்கல்லைக்கூட யாரும் தேடவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஓரமாக நின்று தன் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்த டிரைவர், ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இயக்குநரிடம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"முதலாளி உங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாரு சார். அன்னிக்குப் பாதை இல்லாமத்தான் திரும்பிப் போனோம், இப்ப நீங்களே போட்டுக் குடுத்துட்டீங்க. கேமராவை மூட்டை கட்டிடாதீங்க, நாளைக்குக் காலையில எல்லா வண்டியும் வருது."