தைலத்துக்கு நான் சொன்ன சாட்சி

பாறசாலை,
சனிக்கிழமை.

ஆண்டவருடைய கிருபையால் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வழக்காடும் என் அண்ணன் மகள் லிஜாவுக்கு, மாமி நேசபாய் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம், என் வலது முட்டு நீங்கலாக. உன் வீட்டில் எல்லா முட்டுகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் வழக்கென்றால் எழுத்தில் வேண்டுமென்று நீயே சொல்லியிருக்கிறாய்.

காரியம் இதுதான். நம் சபை விஜயதாஸ் ‘அற்புதம்’ என்று ஒரு முட்டுவலித் தைலம் காய்ச்சி விற்கிறான். ஒரு குப்பி வாங்கி ஒரே ஒரு தரம் தேய்த்தேன். மறுநாள் ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, “அற்புதம் தேச்சேன். முட்டு சொகமாச்சு. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்” என்றேன். சுகம் அப்போது வந்திருக்கவில்லை. ஆனால் வரப்போவதை வந்ததாகவே விசுவசித்து முன்கூட்டி நன்றி சொல்வது நம் சபை வழக்கம்தானே. உன் வக்கீல் பரீட்சைக்கும் ரிசல்ட்டுக்கு முன்னே அப்படித்தான் சொன்னேன். நீயும் பாஸானாய், இரண்டாம் தடவை என்றாலும். விஜயதாஸ் என் சாட்சியைப் போனில் பிடித்து, ஆட்டோவில் மைக் கட்டி, காஞ்சிரங்குளம் வரை ஓடவிட்டான். கடைசி வரியை மட்டும் வெட்டிவிட்டான். கர்த்தருக்குப் போகவேண்டிய மகிமை குப்பிக்குப் போய்விட்டது.

என் குரலை நம்பி வாங்கினவர்கள் இப்போது மீன்கடையில் என்னைக் கண்டால் முட்டுக்காலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். பாட்டுக்குழுவில் என் பக்கத்தில் நிற்கும் குஞ்சம்மாவுக்கு முட்டுவலியே கிடையாது, அம்மாவுக்கென்று வாங்கினவள். சபை வாசலில் எல்லாரும் கேட்க, “எக்கா, நொண்டிட்டு வாறியே, சொகம் எந்தக் காலுக்காக்கும்?” என்றாள். சுகம் வழியில் இருக்கிறது என்றேன். “ஓ, அதுக்குப் பஸ்ஸு கிட்டலியோ” என்றாள். இத்தனை வருஷம் என் சாட்சிக்கு ஆமென் சொன்ன சபை போன வாரம் இருமியது, லிஜா. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஜயதாஸிடம் நேரே போய் நிறுத்தச் சொன்னேன். அவன் பணிவாகத்தான் கேட்டான்: “மாமி, கோயில்ல நின்னு நீங்க பொய்யா சொன்னிய? இல்லல்லா. பின்ன எனக்கென்ன பயம்?” வீட்டுக்கு வந்துவிட்டேன். நுகர்வோர் சட்டத்தைத் தேடி வாசித்தேன். பொய் விளம்பரம் கொடுத்தவன் மட்டுமல்ல, அதில் வந்து நல்லது என்று சொன்னவரும் பதில் சொல்ல வேண்டிவருமாம். நான் காசு வாங்கவில்லை. அவன் ஓசியாக நீட்டிய குப்பியையும் வாங்கவில்லை, வீட்டுக் கணக்கில் அதை எங்கே எழுதுவது? பில் பத்திரமாக உண்டு. ஆணையத்தில் நான் வாதியா, பிரதிவாதியா? இரண்டும் என்றால் இரு பக்கமும் நானே இருந்து சமாதானமாய்ப் போகலாமே என்கிறார் உன் மாமா செல்லையன். அவர் சொல்வதை நீ எடுக்காண்டாம். விளம்பரத்தை உடனே நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் மட்டும் அனுப்பு. ‘தேய்த்தாள், காத்திருக்கிறாள்’ என்று திருத்தினாலும் எனக்குச் சம்மதம்.

உன் வாயில் வார்த்தையும் உன் கட்சிக்காரர்கள் கையில் பீஸும் குறையாதிருக்கக் கர்த்தர் அருள் செய்வாராக.

உன் மாமி,
நேசபாய்

பின்குறிப்பு: அந்த நோட்டீஸ் வேண்டாம். ஆட்டோ இப்போதுதான் நம் முக்கு வழியே போனது. என் குரலை எடுத்துவிட்டான். என் இடத்தில் குஞ்சம்மா பேசுகிறாள். நோகாத முட்டுக்குச் சுகம் கிடைத்ததாம். என் சாட்சியில் சுகம்தான் கொஞ்சம் தாமதம், வலி சத்தியமாக்கும். ஆகையால் என் குரலையே திரும்பப் போடச் சொல்லி நோட்டீஸ் அனுப்பு. கடைசி வரியோடு.