செங்கோடன் எட்டுப் போட்ட கதை

ஒரு காட்டில் வண்டி ஓட்ட லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? மிருகங்கள் நிம்மதியாக இருந்தால் யாருக்கோ பொறுக்காதே!

அங்கே செங்கோடன் என்று ஒரு முள்ளம்பன்றி. கரடியின் தேன்கடையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது, மொபெட்டில் வீடு வீடாகத் தேன் கொண்டுபோய்க் கொடுக்க. மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் வேலை குரங்குக்கு.

செங்கோடனோ ஏற்கெனவே மூன்று தடவை ஃபெயில். கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். பார்த்து மார்க் போடுகிற இன்ஸ்பெக்டர் யார்? புலி. அவரைக் கண்டதுமே செங்கோடனுக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நிற்கும். சீட் கிழியும், வண்டி சாயும், கால் தரைக்கு வந்துவிடும். "ஃபெயில்! அடுத்த ஆள்!" என்பார் புலி, பத்தடி தள்ளி நின்றே.

"நான் எதுக்குமே லாயக்கில்ல," என்று அழுதான் செங்கோடன்.

"முள்ளு நின்னா நிக்கட்டுங்க. நமக்கு இருக்கறதே அது ஒண்ணுதான," என்றாள் அவன் மனைவி பொன்னாத்தா.

பெண்டாட்டி பேச்சை யார் கேட்டார்கள்? நேராக நரியாரின் தன்னம்பிக்கை வகுப்பில் போய்ச் சேர்ந்தான்.

"பிரச்சனை புலி இல்ல தம்பி, உன் மனசு," என்றார் நரியார். "மூச்சை இழு. விடு. புலியை உன் மாமனார்னு நினைச்சுக்கோ."

"மாமனாரைப் பார்த்தாலும் முள்ளு நிக்குமே சார்!"

"சரி, சித்தப்பான்னு நினைச்சுத் தொலை."

பத்து நாள் பயிற்சி. பதினோராம் நாள் செங்கோடன் மைதானத்துக்கு வந்தான். மூச்சை இழுத்தான், விட்டான். "சித்தப்பா, சித்தப்பா" என்று முணுமுணுத்தான். ஒரு முள் எழும்பவில்லையே! எட்டு என்றால் அப்படி ஒரு எட்டு. வரிசையில் நின்ற கழுதைகூடக் கைதட்டியது. செங்கோடனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"பாஸ்!" என்றார் புலி. "கிட்ட வாங்க தம்பி, கை குடுக்கணும்."

செங்கோடன் போனான். புலிக்கு அன்று மத்தியானச் சாப்பாடு அங்கேயே முடிந்தது.

லைசென்ஸ் மறுநாள் தபாலில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பொன்னாத்தா நரியாரிடம் ஓடினாள். "எம் புருசன் எங்கடா, பாவி?"

"பாஸ் பண்ணாரா இல்லையா, அதைச் சொல்லும்மா," என்றார் நரியார். லைசென்ஸை வாங்கி, அதிலிருந்த படத்தைப் பெரிதாக்கி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார்: 'எங்கள் மாணவர். துளிப் பதற்றமில்லாமல் வெற்றி!'

அதைப் பார்த்து மானும் முயலும் காட்டெருமையும் வகுப்பில் சேர முண்டியடித்தன. வரிசையை ஒழுங்குபடுத்த இன்ஸ்பெக்டரே நேரில் வந்திருந்தார்.

நீதி: பதற்றத்தை அடக்கினால் வெற்றி நிச்சயம். யாருக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.